பூனைக்கு ஒரு பெட்டி, மாட்டுக்கு ஒரு மறைப்பு



முந்தநாள் இரவு பத்தரை மணி இருக்கும். ஒரு பெற்றார் வட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பியிருந்தார். "சேர், மகள் தூக்கிட்டு வந்த பூனைக்குட்டி மழையில நனைஞ்சி நடுங்குது. பால் குடுத்தா குடிக்குதில்ல. மகள் அழுவுறா. என்ன செய்யிற?"

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிற ஆசிரியர், மிருக வைத்தியர் இல்லை. ஆனாலும் அந்தக் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரிந்திருந்தது. "முதல்ல பாலை நிப்பாட்டுங்க. நல்லாத் துடைச்சி சூடாக்குங்க. உடம்பு சூடான பிறகு பாலைக் குடுங்க" என்றேன். காலையில் அந்தக் குட்டி ஜன்னல் சீலையில் தொங்கும் படம் வந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

அந்தப் பதிலை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. நுவரெலியாவில் என் சொந்தக் கவனக்குறைவால் ஒரு பூனை சாகக் கிடந்தபோது இன்னொருவர் சொல்லித் தந்தது. அதைவிட முக்கியமான ஒன்றும் இருக்கிறது. பதில் தெரிந்திருந்தும் நான் வாயைத் திறக்காமல் இருந்த ஓர் இரவு உண்டு. மாரி தொடங்கிவிட்டது, வாடைக்காற்றும் வீசத் தொடங்கிவிட்டது. அதனால் இரண்டையும் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

ஊருக்கு மாற்றலாகி வருமுன் நுவரெலியா மாவட்டத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் நான்கு வருடம் படிப்பித்தேன். இது உங்களில் பலருக்குத் தெரியும். குவாட்டர்ஸில் எலித் தொல்லை தாங்க முடியவில்லை. முதல் ஏப்ரல் விடுமுறைக்கு வந்தபோது உம்மா வீட்டில் பிறந்த குட்டியொன்றைக் கூடையில் போட்டு, கண்டி வழியாக பஸ்ஸில் கொண்டுபோனேன். கறுவாப்பட்டை நிறம் என்பதால் 'கறுவா' என்று பெயர். வெயிலில் பிறந்த கடற்கரைப் பூனை. முடி மெல்லிசு.

நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே மழைக் குளிர் வேறு, பனிக் குளிர் வேறு என்பது எனக்கு அப்போது தெரியாது. ஜனவரி பிறந்ததும் மழை நின்று பகலில் நல்ல வெயில் அடித்தது. குளிர் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். உண்மையில் ஆகப் பெரிய குளிர் அப்போதுதான் வரும். இரவில் முகில் இல்லாவிட்டால் நிலத்தின் சூடெல்லாம் வானத்துக்குப் போய்விடும். காற்றின் வெப்பநிலை 3, 4 பாகை செல்சியஸாக இருக்கும்போதே புல்லின் நுனி பூச்சியத்துக்குக் கீழே போய் உறைந்துவிடும். பத்திரிகையில் 'துகள் உறைபனி' என்று போடுவார்களே, அதுதான் இது. விடியற்காலையில் புல்வெளி உப்புக் கொட்டியதுபோல் இருக்கும். படம் பிடிக்க அழகு. ஆனால் தேயிலையும் மரக்கறியும் கருகிப் போகும்.

அப்படியான ஓர் இரவில் கறுவா என் முஸல்லாவை நகத்தால் பிறாண்டி நூலை இழுத்துவிட்டது. கோபத்தில் தூக்கி வெளியே விட்டுக் கதவைச் சாத்தினேன். கொஞ்ச நேரம் கத்தியது. பிறகு சத்தம் இல்லை. எங்கேயோ போய்ப் படுத்திருக்கும் என்று நானும் இரண்டு போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கிவிட்டேன்.

ஸுபஹுக்கு எழும்பிக் கதவைத் திறந்தால், வாசற்படியில் சுருண்டு கிடக்கிறது. முதுகு முடியில் பனி. பக்கத்தில் நான் வைத்திருந்த தண்ணீர்ச் சட்டியில் மேலே கண்ணாடிபோல் ஒரு தகடு. தொட்டுப் பார்த்தேன். நடுங்கவில்லை. நடுங்காவிட்டால் நல்லது என்றுதான் எனக்குப் பட்டது. அது எவ்வளவு பெரிய பிழை! நடுங்குகிற மிருகம் இன்னும் போராடிக்கொண்டிருக்கிறது. நடுக்கம் நின்று உடம்பு தளர்ந்து போனால் அது தோற்றுக்கொண்டிருக்கிறது.

தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு ஓடினேன். விறகடுப்பை மூட்டி அதன் பக்கத்தில் வைக்கப் போனபோது, பக்கத்து லயத்து அக்கா சத்தம் கேட்டு வந்தார். காலைப் பெரட்டுக்குப் போக முன் ஆட்டைப் பார்க்க எழும்புகிறவர்.

"அடுப்புக்கிட்ட வைக்காதீங்க சேர். தோலு வெந்தாலும் அதுக்குத் தெரியாது, நகரவும் ஏலாது" என்று சொல்லி என் கையிலிருந்து வாங்கினார். பழைய துவாயால் ஈரம் போகத் துடைத்தார். தன் சுவெட்டருக்குள் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். என்னிடம் ஒரு போத்தலில் சுடுதண்ணீர் எடுக்கச் சொல்லி, அதைத் துணியில் இரண்டு சுற்றுச் சுற்றி வயிற்றுப் பக்கம் வைத்தார். நான் பால் சூடாக்கிக் கொண்டுவந்தேன். "இப்ப வேணாம். உள்ளுக்குச் சூடு வராம பால் எறங்காது, மூச்சுக்குள்ள போயிரும்" என்றார்.

முக்கால் மணி நேரம் கழித்து நடுக்கம் தொடங்கியது. "ஆ, இனிப் பயமில்ல" என்று சிரித்தார். அன்று அவர் பெரட்டுக்குப் பிந்திப் போனார். அதற்காக அவர் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதன் பிறகுதான் அவருடைய ஆட்டுக்கொட்டிலை நான் ஒழுங்காகப் பார்த்தேன். நிலத்திலிருந்து முழங்கால் உயரத்தில் பலகை அடித்த தளம். சிறுநீர் கீழே வடிய இடைவெளி. காற்று வரும் பக்கம் மட்டும் சாக்கு. படுக்கையில் காய்ந்த மானாப்புல், நனைந்தால் அன்றைக்கே மாற்றிவிடுவார். நாலு பக்கமும் பொலித்தீனால் மூடினால் இன்னும் சூடாக இருக்காதா என்று கேட்டேன். "மேல ஒரு சாண் விடணும் சேர். இல்லாட்டி மூத்திர வாடையில ஆடு இருமும்" என்றார். அமோனியா வாயு சுவாசப்பையைத் தாக்கும் என்று நான் கரும்பலகையில் எழுதுகிற பாடத்தை, அவர் இருமலை வைத்துக் கண்டுபிடித்திருந்தார்.

கறுவாவுக்கு ஒரு ரிஜிபோம் பெட்டி செய்தேன். மீன் கொண்டுவரும் பெட்டிதான். கழுவிக் காயவைத்து, பூனை நுழையுமளவுக்கு மட்டும் ஓர் ஓட்டை வெட்டி, உள்ளே காய்ந்த புல் போட்டு, இரண்டு கல்லின் மேல் வைத்தேன். முதலில் பெரிய பெட்டி எடுத்தேன். அது சூடாகவில்லை. பூனையின் உடம்புச் சூடுதான் அந்தப் பெட்டிக்கு அடுப்பு. அதனால் பெட்டி பூனையைவிடக் கொஞ்சம்தான் பெரிதாக இருக்க வேண்டும். மூன்று பனிக்காலம் கறுவா அதில் படுத்தது. பிறகு நான் ஊருக்கு வந்தபோது பெட்டியும் கூடவே வந்தது.

அங்கே இருந்த காலத்தில் பிள்ளைகளை அம்பேவெல பாற்பண்ணைக்குக் கூட்டிப்போயிருக்கிறேன். நாங்கள் ஜெக்கெட் போட்டு நடுங்க, பிரீசியன் மாடுகள் பனிமூட்டத்தில் ஆறுதலாக மேய்ந்துகொண்டிருந்தன. மாட்டுக்குக் குளிர் ஒரு பிரச்சினையே இல்லை என்று அன்று மனதில் எழுதிக்கொண்டேன். அந்த எழுத்து 2022 டிசம்பரில் அழிந்தது.

அந்த நாட்களை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வங்காள விரிகுடாவில் மாண்டஸ் புயல். டிசம்பர் 9ஆம் திகதி வெள்ளிக்கிழமை காற்று மாசு என்று நாடு முழுக்கப் பாடசாலைகளை மூடினார்கள். அன்றிரவு புயல் தமிழ்நாட்டில் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. நமக்குப் பெரிய சேதம் இல்லை என்று பெருமூச்சு விட்டோம். ஆனால் அந்த இரண்டு மூன்று நாளும் வெயிலே இல்லை. விடாத தூறல், விடாத வாடை. கிணற்றுத் தண்ணீரில் வுழூச் செய்யவே கை விறைத்தது.

அந்த இரவு கறுவாவைத் துடைத்துப் பெட்டிக்குள் விட்டேன். புல்லுக்குப் பதிலாக வைக்கோல். பெட்டியைக் காற்றுப் படாத மூலைக்குத் தள்ளிவைத்தேன். "இந்தக் குளிருக்கு நாங்க பழகின ஆக்கள்" என்று மனைவியிடம் பெருமையும் பேசினேன். என் பூனை சூடாகத் தூங்கியது. நானும் தூங்கினேன்.

சனிக்கிழமை செய்தி வரத் தொடங்கியது. வடக்கிலும் கிழக்கிலும் மாடுகள் கூட்டம் கூட்டமாகச் செத்துக் கிடக்கின்றன. கிளிநொச்சி, முல்லைத்தீவு, திருகோணமலை, நமது மட்டக்களப்பு. மாடும் எருமையும் ஆடுமாக ஆயிரத்துக்கும் மேல். ஏதோ நோய் என்று பயம் பரவியது. இந்த இரண்டு மாகாணங்களிலிருந்தும் இறைச்சி கொண்டுபோகத் தடை போட்டார்கள். பிறகு குளிரின் தாக்கம்தான் காரணம் என்று அதிகாரிகள் சொன்னார்கள். சில இடங்களில் பெக்கோவால் குழி வெட்டிப் புதைக்க வேண்டி வந்தது.

தரம் பத்தில் ஒரு மாணவன் திங்கட்கிழமை வரவில்லை. செவ்வாய் வந்தான். வாப்பாவின் பட்டியில் பதினொரு உருப்படி. பெரும்போகம் என்பதால் வயல் பக்கம் வைக்க முடியாமல் தூரத்து மேய்ச்சல் தரைக்கு ஓட்டியிருந்தார்கள். வெள்ளம் நின்ற வெட்டையில் ஒதுங்க ஒரு மரமும் இல்லை. "ஏழு போயிட்டு சேர். ரெண்டு கண்டும் அதுக்குள்ள" என்றான். அந்த மாடுகள்தான் அந்த வீட்டின் வங்கிக் கணக்கு என்பது நமக்கெல்லாம் தெரியும். மூத்த மகளின் கல்யாணம், இவனுடைய படிப்பு, எல்லாம் அதில்தான் நின்றது.

"சேர், நம்மட ஊர்ல ஐஸா கொட்டின? இந்தக் குளிருக்கு மாடு சாகுமா?" என்று கேட்டான். வகுப்பே என்னைப் பார்த்தது.

நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி, நன்றாகத்தான் விளங்கப்படுத்தினேன். மாட்டின் உடம்பு எப்போதும் 38, 39 பாகையில் இருக்க வேண்டும். அதைக் காப்பது முடிக்கு இடையில் சிக்கியிருக்கும் காற்று. முடி நனைந்தால் அந்தக் காற்றின் இடத்தில் தண்ணீர் நிற்கும். தண்ணீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். அதற்கு மேல் வாடை அடித்தால் தோலில் இருக்கும் மிச்சச் சூட்டையும் அள்ளிப்போகும். முழுக்க நனைந்த மாட்டுக்கு 15 பாகைக்குக் கீழே போனாலே உடம்பைச் சூடாக வைத்திருக்கக் கூடுதல் சக்தி வேண்டும். அந்தச் சக்தி தீனியிலிருந்துதான் வரும். மாட்டின் வயிற்றில் வைக்கோலும் புல்லும் நொதிக்கும்போதே சூடு பிறக்கிறது. மேய்ச்சல் தரை தண்ணீருக்குள் போனால் அந்த அடுப்பும் அணைந்துவிடும். மெலிந்த மாடும் கன்றும் முதலில் விழும். அம்பேவெல மாட்டுக்குத் தடித்த முடி இருக்கிறது, வயிறு நிறையத் தீனி இருக்கிறது, படுக்கக் காய்ந்த இடம் இருக்கிறது, வருடம் முழுக்கப் பழகிய குளிர். நம் மாட்டுக்கு அன்று அதில் ஒன்றும் இருக்கவில்லை. அதனால் உறைபனி தேவைப்படவில்லை. நனைவும் காற்றும் பசியும் சேர்ந்தே கொன்றுவிட்டன.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்தப் பிள்ளை ஒன்று கேட்டான். கோபமாக இல்லை, சந்தேகம் கேட்பதுபோல்தான். "இதெல்லாம் உங்களுக்கு முதலே தெரியுமா சேர்?"

எனக்குப் பதில் வரவில்லை. பாடம் முடிய மணி அடித்ததும் வெளியே வந்துவிட்டேன்.

தெரியும் என்பதுதான் உண்மை. வியாழக்கிழமை பின்னேரமே எனக்குத் தெரியும். என் பூனைக்குச் செய்ததை யோசித்த எனக்கு, அரைக் கட்டை தூரத்தில் இருக்கும் பட்டிக்காரருக்கு ஒரு போன் எடுக்க யோசனை வரவில்லை. நான் சொல்லியிருந்தால் ஏழும் பிழைத்திருக்கும் என்று சொல்ல மாட்டேன். உயிர் அல்லாஹ்வின் கையில். ஆனால் மேட்டுப் பக்கம் ஓட்டி, காற்று வரும் திசையில் ஒரு தறப்பாளை இழுத்துக் கட்டி, கன்றுகளின் முதுகில் சாக்கைப் போட்டு, ஒரு கட்டு வைக்கோல் போட்டிருந்தால், அந்த இரண்டு கன்றாவது எழும்பியிருக்கக் கூடும். பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண்ணைப் பற்றிய ஹதீஸை நாம் மதரஸாவிலேயே படித்திருக்கிறோம். தன் பூனைக்கு மட்டும் பெட்டி செய்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியவனின் நிலை என்ன என்று நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த மாரிக்கு முன் அந்த வகுப்புப் பிள்ளைகளோடு சேர்ந்து பழைய சாக்குகளைத் தைத்துக் கன்றுகளுக்குப் போர்வை செய்தோம். உள்ளே சணல் சாக்கு, வெளியே உரப்பை, வயிற்றோடு கட்ட இரண்டு நாடா. பதினான்கு போர்வை. அந்த மாணவனின் வாப்பா முதலில் "மாட்டுக்கும் கோட்டா சேர்?" என்று சிரித்தார். போகும்போது நான்கை எடுத்துக்கொண்டு போனார். அந்த மாரியில் அப்படியொரு குளிர் வரவில்லை. அதனால் அந்தப் போர்வை ஓர் உயிரைக் காத்தது என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் அவர் வீட்டுக் கொட்டிலில் அது இன்னும் ஆணியில் தொங்குகிறது.

இனி, வீடுகளில் செய்யக்கூடியவை.

பூனை வைத்திருப்பவர்கள்: ஒரு சின்னப் பெட்டி போதும். ரிஜிபோம் பெட்டி வாழைச்சேனை மீன் துறைமுகப் பக்கம் உடைந்ததாகவே கிடைக்கும். நிலத்தில் வைக்காமல் கல்லின் மேல் வையுங்கள். வாசல் காற்றுக்கு எதிர்ப்பக்கம் இருக்கட்டும். வெளியே வைக்கும் பெட்டியில் பழைய துணியைவிட வைக்கோல் நல்லது. துணி ஈரத்தைக் குடித்துக்கொண்டு அப்படியே கிடக்கும். பிறந்து சில வாரமே ஆன குட்டிகளால் தங்கள் உடம்புச் சூட்டைத் தாங்களே காக்க முடியாது. தாயிடமிருந்து பிரிக்காதீர்கள்.

நனைந்து விறைத்த குட்டியைக் கண்டால் முதலில் துடையுங்கள். பிறகு உடம்போடு அணைத்தோ, துணி சுற்றிய சுடுதண்ணீர்ப் போத்தலாலோ மெதுவாகச் சூடாக்குங்கள். கடைசியில்தான் தீனி. நடுக்கம் நின்று தளர்ந்து கிடந்தால் தாமதிக்காமல் மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். காய்ச்சல் என்று நினைத்துப் பனடோல் கொடுத்துவிடாதீர்கள். பூனைக்கு அது நஞ்சு, சிறிய துண்டே உயிரை எடுத்துவிடும்.

வாகனம் வைத்திருப்பவர்கள்: குளிருக்குப் பூனைகள் சூடான எஞ்சினுக்குள் ஏறிப் படுக்கும். ஸ்டார்ட் பண்ண முன் பொனட்டில் இரண்டு தட்டுத் தட்டுங்கள். ஓட்டோ என்றால் பின்பக்கம்.

கோழி, லவ் பேர்ட்ஸ் வைத்திருப்பவர்கள்: கூட்டில் உமியைத் தடிப்பாகப் போட்டு, நனைந்ததை அள்ளிவிடுங்கள். காற்று வரும் பக்கத்தை மட்டும் மறையுங்கள். புதுக் குஞ்சுகளுக்கு முதல் வாரத்தில் 32 பாகைக்கு மேல் சூடு வேண்டும். பல்பின் கீழ் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று நெருக்கியடித்தால் சூடு போதாது. ஓரத்துக்கு ஓடினால் சூடு கூட. அவற்றைப் பார்த்தாலே தெரியும். கரிச்சட்டியை மூடிய அறைக்குள் வைக்கவே வேண்டாம். அந்தப் புகை பறவையை மட்டுமல்ல, பக்கத்தில் தூங்கும் பிள்ளையையும் கொல்லும்.

ஆடு மாடு வைத்திருப்பவர்கள்: உங்களுக்கு நான் படிப்பிக்க வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் கேட்கிறேன். வைக்கோலில் கொஞ்சத்தை மாரிக்கென்று நனையாமல் ஒதுக்கிவையுங்கள். மழையும் காற்றும் சேர்ந்து வரப்போகிறது என்று அறிவித்தல் வந்தால், கன்றையும் சினை மாட்டையும் மெலிந்ததையும் முதலில் மேட்டுக்கு எடுங்கள்.

தெருநாய்களைப் பற்றியும் சொல்கிறேன். வீட்டுக்குள் எடுக்க முடியாது என்பது விளங்குகிறது. மழை இரவில் கடை வாசலில் ஒதுங்கியதைக் கல்லால் அடித்து விரட்டாமல் இருக்கலாம்தானே. ஒரு பழைய சாக்கைப் போட்டால் அதுவும் நன்மைதான். தாகித்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்தவரின் பாவம் மன்னிக்கப்பட்ட செய்தியும் நம்மிடம்தான் இருக்கிறது.

கடைசியாகப் பள்ளிவாசல் நிர்வாகத்தினருக்கு ஒரு வேண்டுகோள். கடல் கொந்தளிப்பு என்றால் மீனவர்களுக்கு ஒலிபெருக்கியில் அறிவிக்கிறோம். அதே அறிவித்தலில் மாட்டுக்காரருக்கும் ஒரு வரி சேர்ப்போம். "இன்றிரவு மழையும் வாடையும் உண்டு, கால்நடைகளை மேட்டுக்கு எடுத்து மறைப்புக் கட்டுங்கள்" என்று. அரை நிமிடம் போதும். 2022இல் அந்த அரை நிமிடத்தை நான் கொடுக்கவில்லை.

கறுவா போன வருடம் வயதாகிச் செத்துப்போனது. பெட்டி சும்மா கிடந்தது. நேற்று அஸருக்குப் பிறகு அந்தக் குரல் பதிவு அனுப்பியவர் மகளோடு வந்தார். பெட்டியைக் கழுவிக் கொடுத்தேன். பிள்ளை உள்ளே கையை விட்டுப் பார்த்துவிட்டு, "இது சின்னம் சேர், குட்டி வளந்தா காணாதே" என்றது. "சின்னமாத்தான் இருக்கணும் மகள்" என்று சொல்லி, ஏன் என்று விளங்கப்படுத்தினேன். இந்த முறை மழைக்கு முன்.

இதை வாசித்தவர்கள் மாடு வைத்திருக்கும் ஒருவரிடமாவது வாய்ச்சொல்லாகச் சொல்லிவிடுங்கள். அவர்களில் பலர் பேஸ்புக்கில் இல்லை.

வஸ்ஸலாம்.